உள்ளானின் கழுத்துப் பையும் கமலினி ரீச்சரின் கேள்வியும்

சிட்னியின் டூங்கபி தமிழ்ச் சங்க மண்டபத்தில் அன்று மூவாயிரம் பேர். கதிரைகளை எண்ணிப் பார்த்தவர்கள் முப்பது என்பார்கள். அவர்களுக்கு ரசனை போதாது.

பேச வந்தவர் இரத்தினசிங்கம். சிட்னி ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்து ஆறு வருடம். 2012 ஜூன் முழுக்க அலாஸ்காவின் வடகோடியில், பறவை ஆய்வாளர்களோடு ஈரப் புல்வெளியில் குந்தியிருந்து, உள்ளான் பறவைகள் சோடி சேர்வதைக் குறிப்பெடுத்துவிட்டு வந்திருந்தார். புறப்படுமுன், தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கும் கமலினி ரீச்சரிடம், "தனிய இருக்கிற ரெண்டு பேரும் சேர்ந்திருந்தால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

"போயிட்டு வாங்கோ, சொல்லுறன்" என்றிருந்தார் ரீச்சர். இப்போது முன்வரிசையில் இருந்தார். இன்னும் சொல்லவில்லை.

"ஆண் உள்ளான் கழுத்துப் பையை ஊதும். எவ்வளவு? பூசணிக்காய் அளவு!" என்று மேடையில் தொடங்கினார் இரத்தினசிங்கம்.

"பறவை எவ்வளவு பெரிசு, சிங்கம்?" பின்னாலிருந்து கேட்டார் சங்கச் செயலாளர் நித்தியானந்தன்.

"உள்ளங்கையளவு. குறுக்கால கதையாதை, நித்தி! ஊதிக்கொண்டு பெட்டைக்கு மேலால தாழப் பறந்து, ஊ… ஊ… ஊ…" ஊதிக்காட்டிய வேகத்தில் சட்டைப் பொத்தான் தெறித்து நித்தியானந்தனின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. "வேறை ஆண் எல்லைக்குள்ள கால் வைச்சால் கலைச்சுக் கலைச்சுக் கொத்தும். அங்கை பொழுது சாயாது; ஆணுக்கு நித்திரையே இல்லை. ரெண்டு மாசம்!"

நித்திரையில்லாமல் திரிவதாக ஆய்வாளர்கள் சொன்னது பத்தொன்பது நாள். மிச்சம் இவருடைய கைப்பக்குவம்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ரீச்சர் சிரிக்காமல் கையை உயர்த்தினார்.

"பெட்டை ஓமெண்டு சொன்ன பிறகு ஆண் என்ன செய்யும்?"

இரத்தினசிங்கத்துக்கு, கூடு கட்டும், அடைகாக்கும், இரை ஊட்டும், தாலாட்டும் என்று நாலு புளுகுகள் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். நாலையும் விழுங்கினார்.

"ஒண்டும் செய்யாது, ரீச்சர். அடுத்த பெட்டையைத் தேடும். பிறகு பறந்திடும். அடைகாக்கிறது, குஞ்சு பாக்கிறது எல்லாம் பெட்டை தனியத்தான்."

"முடிஞ்சுது சிங்கம், உன்ரை கதை!" நித்தியானந்தன் துள்ளினார்.

ரீச்சர் எழும்பினார். "இவர் எனக்குத் தெரிய உள்ளதை உள்ள அளவிலை சொன்னது இதுதான் முதல்தரம். அதுவும் தனக்கு நட்டம் எண்டு தெரிஞ்சுகொண்டு." பிறகு மேடையைப் பார்த்து, "ஓம். அடுத்த ஜூன் அலாஸ்கா போக எனக்கும் சேர்த்து ரிக்கற் போடுங்கோ. ஆனால் குறிப்பு நான்தான் எழுதுவன்" என்றார்.

இரத்தினசிங்கம் படி இருப்பதையே மறந்து மேடையிலிருந்து நேரே குதித்தார். மேடை ஒன்றரையடி. பத்தடி என்று சொல்லித் திரிகிறார்; ரீச்சரும் மறுப்பதில்லை.