கோணல் வெட்டு

"முடிஞ்சிருச்சு மேம்!"

முதலில் கத்தியது வழக்கம்போல ரக்ஷிதாவின் மேசைதான். புதன்கிழமை நான்காவது பீரியட், ஏழாம் வகுப்பு பி பிரிவு. மேசைக்குப் பதினாறு முக்கோண அட்டைகள் கொடுத்திருந்தேன். அட்டையின் ஓரங்களில் ஒன்றில் கணக்கு இருக்கும், வேறொன்றில் விடை இருக்கும். கணக்கைப் போட்டு, அதற்குரிய விடை இருக்கும் ஓரத்தைத் தேடி ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் பெரிய முக்கோணம் ஒன்று வரும். அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேர் கோட்டை விட்ட வகுப்பு இது. மைனஸ் குறியைக் கண்டாலே பேனாவை மூடி வைத்துவிடுகிற பிள்ளைகள். இந்த அட்டைகள் வந்த பிறகு பெல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேனென்கிறார்கள். நானும் உள்ளுக்குள் பூரித்துப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன்.

முக்கோணம் கச்சிதமாக அமைந்திருந்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை. முழுக்க வெள்ளை.

"எழுத்து எங்கம்மா?"

"அய்யோ, திருப்பிப் போட்டுட்டேன் மேம்." ரக்ஷிதா சிரித்தாள். "பரவால்ல, கரெக்டாதான் இருக்கும். ஜஸ்ட் லுக் அட் தி எட்ஜ் மேம். இந்த வளைவுக்கு இந்த வளைவு. எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்?"

அவளிடம் கள்ளம் இல்லை. விளையாட்டே அதுதான் என்று நினைத்திருக்கிறாள். சார்ட்டில் பெரிய முக்கோணமாக நான் எழுதிக் கொடுப்பேன், என் கணவர் அதைக் கத்தரிக்கோலால் பதினாறாக வெட்டுவார். அடுத்தடுத்த இரண்டு அட்டைகளும் ஒரே வெட்டில் பிரிந்தவை. அவர் கை எங்கே நெளிந்ததோ அங்கே இரண்டும் நெளிந்திருக்கும். கணக்கு படித்த எனக்கு இது தோன்றவே இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே தோன்றியிருக்கிறது.

பலகையில் எழுதினேன்: மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் நான்கு.

"மைனஸ் ட்வெல்வ்!" என்றது வகுப்பு, ஒரே குரலில், சந்தோஷமாக.

விடை ப்ளஸ் பன்னிரண்டு. மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் லிஃப்ட்டை வைத்துப் புரியவைக்கப் பார்த்தேன். தரைத்தளம் பூஜ்யம், பேஸ்மென்ட் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் மைனஸ். கூட்டல் கழித்தல் வரைக்கும் அந்த லிஃப்ட் ஒழுங்காக வந்தது. பெருக்கலில் நடுவழியில் நின்றுவிட்டது. பெல் அடித்து, பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் முதுகைப் பார்த்து, "ரெண்டு மைனஸைப் பெருக்கினா ப்ளஸ்!" என்று கத்தினேன். யார் காதில் விழுந்ததோ தெரியாது.

மறுநாள் வியாழக்கிழமை சூப்பர்வைசர் சங்கீதா மேடம் நான் பாடம் நடத்துவதைப் பார்க்க என் வகுப்பில் வந்து உட்காருவதாக இருந்தது. போன வாரமே சொல்லிவிட்டார். "கிளாஸ் நல்லா போச்சுன்னா உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் பத்தி மேல பேசறேன் ஷம்சியா. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல." கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். ஜெபல் அலியில் கன்டெய்னர் கம்பெனியில் இருந்த என் கணவர் நுஃமானுக்கு வேலை போய் விசா கேன்சல் ஆனதும், அவரையும் பிள்ளைகள் இரண்டையும் என் விசாவில் ஏற்றியிருந்தேன். என் வேலை போனால் நாலு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். சொந்த ஊரான அதிராம்பட்டினத்தில் எங்களுக்கென்று பூட்டித் திறக்க ஒரு வீடும் இல்லை.

சாயங்காலம் மீனா பஜார் நெரிசலில் நடந்து வீட்டுக்குப் போனேன். கூடத்துத் தரையில் காகிதத் துண்டுகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாளைக்கான அட்டைகள் தயார். மேசை வாரியாகக் கவரில் போட்டு, கவர் மேல் நம்பரும் போட்டிருந்தார். கன்டெய்னர்களை அடுக்கச் சொல்லி வரிசை போட்ட மனிதர். இப்போது அவருக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான். தினமும் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"இன்னைக்கு யாரு ஃபர்ஸ்ட்?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. "உங்க கத்தரிக்கோல்தான் ஃபர்ஸ்ட் மச்சான். என் புள்ளைங்க ஒரு கணக்கும் போடல. உங்க கோணல் வெட்டைப் பாத்துப் பாத்து ஒட்டிருக்குதுங்க. ஒரு கோட்டை நேரா வெட்டத் தெரியாதா ஒரு மனுஷனுக்கு?"

இன்னும் என்னவெல்லாமோ வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவர் வேலை போன நாளிலிருந்து ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கத்தரிக்கோல் என்ற பெயரில் வெளியே வந்தது. அவர் ஒரு கவரைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். சேர்ந்தது. பிரித்தார். மறுபடி சேர்த்தார்.

"நீ சாப்புடு புள்ள" என்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு இதே கோணல் அட்டைகளைத்தான் கொண்டுபோகப் போகிறேன். மேசைக்கு மேசை கையைத் தூக்கி முடிஞ்சிருச்சு என்று கத்துவார்கள். சங்கீதா மேடம் தலையாட்டி எழுதிக்கொள்வார். கையெழுத்து ஆகட்டும், அதற்கப்புறம் ராப்பகலாகச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். தப்புதான். மூழ்குகிறவளுக்குக் கையில் கிடைத்ததுதான் கட்டை. இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு திட்டிவிட்டு, அதே அட்டையை நம்பித்தான் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தில் எதையோ சீவுகிற சத்தம் கேட்டது. பென்சில் சீவுகிறார் என்று நினைத்தேன். கவர்களை அவரே என் பையில் எடுத்து வைத்தார். வாசல்வரை வந்து, "பயப்படாம போ" என்றார்.

சங்கீதா மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கவர்களைக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆர்வமாகக் கொட்டிக் கலைத்தார்கள். கை காட்டி ஆரம்பிக்கச் சொன்னேன். இதோ இப்போது கத்துவார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் கத்தவில்லை. அட்டையோடு அட்டையை வைத்தார்கள், எடுத்தார்கள். வேறொன்றை வைத்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் கைகள் மெதுவாக நின்றன. ரக்ஷிதா என் துப்பட்டாவைத் தொட்டாள்.

"மேம், எல்லாம் எல்லாத்தோடயும் சேருது மேம்."

அவள் கையிலிருந்த அட்டையை வாங்கினேன். மூன்று ஓரமும் ஸ்கேல் வைத்து பிளேடால் சீவியிருந்தது. அட்டை ஒரு நூல் சிறுத்திருந்தது. ஆறு மேசைக்கும் ஒவ்வொரு அட்டையாக உட்கார்ந்து சீவியிருக்கிறார். நான் சொன்ன குறையைத் தீர்த்துக் கொடுத்து, நிம்மதியாக என்னை அனுப்பி வைத்திருக்கிறார். அந்த நிமிஷம் அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அடுத்த நிமிஷம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பலகையைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றேன். பலகையில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை.

"ஷம்சியா, கேரி ஆன்" என்றார் சங்கீதா மேடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கால்கள் தாமாக ரக்ஷிதாவின் மேசைக்குப் போயின. விடையை வாயைத் திறந்து சொல்ல முடியாது. மேடத்தின் பார்வை என் வாயில்தான் இருந்தது. ரக்ஷிதா அட்டைகளை எல்லாம் எழுத்துத் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். முதல் தடவையாக அவற்றில் எழுதியிருப்பதைப் படித்தாள். இடது கையில் மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் நான்கு. எதிரே இரண்டு அட்டைகள். ஒன்றின் ஓரத்தில் பன்னிரண்டு, இன்னொன்றில் மைனஸ் பன்னிரண்டு. இரண்டின் ஓரமும் ஒரே மாதிரி நேர்.

அவள் உதடுகள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்தன. நேற்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் கத்தியதையா, வேறு எதையாவதா, தெரியவில்லை. சுட்டுவிரல் பன்னிரண்டின் மேல் போய் நின்றது. அங்கிருந்து நகர்ந்து மைனஸ் பன்னிரண்டின் மேல் நின்றது. பிறகு இரண்டையும் விட்டு, நடுவில் இருந்த வெறும் மேசைப் பலகையில் வந்து நின்றது.