இரண்டு விரற்கடை

“இறக்குங்க அண்ணாச்சி, தரையோட தரையா—”

“இறக்குனா தண்ணி விட்டதும் சேத்துக்குள்ள—”

“ஒத்தக் கண்ணு போயாச்சு. இன்னொண்ணும் போகட்டுமா?”

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. 1983, பங்குனி. சங்கரன்கோவிலில் ஒரு மில் விருந்தினர் விடுதியின் உயரமான வேலிக்கு வெளியே, சிவகிரி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். உள்ளே புல்தரை. சண்டை போட்டவளுக்கு இசக்கியம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். எதிரே குழாய் ஃபிட்டர் சுயம்புலிங்கம். (‘அவர் மீசையை முறுக்கியபடி’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். குரலில் மீசை தெரியவில்லை.)

2

சண்டையிலிருந்து பொறுக்கியது இவ்வளவு. இசக்கியம்மாளின் புருஷன் தங்கப்பழம் அங்கே புல் வெட்டுகிறவர். ஐப்பசி மழையில் மண் ஊறிக் கிடந்தபோது சுயம்புலிங்கம் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகளைத் தரைமட்டத்துக்குப் பொருத்திவிட்டார். கரிசல் காய்ந்து இறங்கியது. தலைகள் புல்லுக்குள் மறைந்தபடி இரண்டு விரற்கடை மேலே நின்றன. புல் வெட்டும் மெஷினின் கத்தி ஒன்றில் மோதியது. பித்தளைச் சில்லு தெறித்துத் தங்கப்பழத்தின் வலது கண்ணில் ஏறியது.

நாளைக் காலை அவரே மறுபடி வெட்ட வேண்டும். முதலாளி மகளுக்கு அந்தப் புல்லில் நிச்சயதார்த்தம்.

இசக்கியம்மாள் ஒரு தலையைக் கால் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கிறாள். (இது என் சேர்க்கை.)

“இது உங்க ஊரு மணல் இல்ல அண்ணாச்சி. காஞ்சா சுருங்கும், நனைஞ்சா உப்பும்.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். இப்பம் இறக்கிட்டா, நனைஞ்சதும் மண்ணு மூடி ஓட்டை அடைச்சிரும். புல்லு கருகுனா மேனேஜர் என்னையத் தூக்கிருவாரு.”

“கருகுன புல்லு திரும்ப முளைக்கும்.”

(சுயம்புலிங்கத்துக்கு நியாயமான ஒரு பதில் எழுதப் பார்த்தேன். மூன்று தாள் கிழிந்தது.)

3

முடிவு ஒன்று: ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுகிறார்கள். நிம்மதியாக எழுதிவிட்டேன். ஆனால் அவள் அதையும் கேட்டிருந்தாள்.

“குச்சியாவது நடுங்களேன்.”

“நல்லாருக்கே! விசேஷத்துக்கு வாரவங்க குச்சியவா பாக்க வாராங்க? மேனேஜர் பிடுங்கி எறிஞ்சிருவாரு.”

முடிவு இரண்டு: தங்கப்பழம் நாளை வேலைக்கு வராமல்...

வராவிட்டால் மில் கொடுத்த வீடு போகும். அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

4

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபோது ஸ்பானர் சத்தம் ஒரு தடவை கேட்டது. முறுக்கினாரா, கீழே போட்டாரா, சொல்லத் தெரியவில்லை. இனி வேலிப்பக்கம் நீங்கள் நில்லுங்கள். எனக்குக் கடைசியாகக் கேட்டது இது:

“அப்பம் நாளைக்கு மெஷினை நீங்க தள்ளுங்க, அண்ணாச்சி.”