செக்கர் அனுப்பிய செய்தி

முப்பத்தொரு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் எல்லோருக்கும் செக்கர்தான். போன வாரத்து டிக்கெட்டை நீட்டி அவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாருமில்லை. அப்படிப்பட்டவர், மகளின் நச்சரிப்பு தாங்காமல், நூலக மாடியில் முதியோருக்கான கைபேசி வகுப்பில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

உடம்பைப் பற்றி என்ன செய்தி வந்தாலும் மூன்றைப் பாருங்கள் என்றார் நூலகர் அம்மாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கிருந்து வந்தது.

செக்கருக்குச் சட்டென்று பிடித்துப்போனது. கொடுத்தது யார், தேதி என்ன, எங்கே ஏறினாய்? ஆயுள் முழுக்க இதைத்தானே கேட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து முதல் ஆளிலிருந்து பரிசோதிக்கத் தொடங்கினார். மைத்துனரின் மூட்டுவலி எண்ணெய்: விற்கிறவரே சொன்னது, இறங்கு. சித்தப்பா மகனின் வெங்காய வைத்தியம்: ஆளும் இல்லை, தேதியும் இல்லை, இறங்கு. பத்து நிமிடத்தில் பாதிக் குடும்பம் நடுரோட்டில் நின்றது.

அடுத்தது: 'ரத்த அழுத்த மாத்திரை வேண்டாம், வெந்நீரே போதும்.' சொன்னது பெயரில்லாத ஒரு பெரிய டாக்டர். அனுப்பிய ஆளைப் பார்த்தார். செக்கரேதான். கீழே அக்காவின் பதில்: 'சரி தம்பி. இன்னியோட நிறுத்திட்டேன்.' பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு இவர் கைகூப்பும் படம் வேறு போட்டிருந்தார்.

செய்தியை அழிக்க வழி கேட்டார். அழிப்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள் என்றார் நூலகர்.

வராந்தாவுக்குப் போய் அழைத்தார். அது பொய், முழுதாகப் படிக்காமலே அனுப்பிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அக்கா சொன்னாள்:

"வேற யாராவது அனுப்பியிருந்தா நான் சட்டையே பண்ணியிருக்க மாட்டேன். நீ பார்த்துட்டுத்தான் அனுப்பியிருப்பேன்னு நினைச்சேன்."

இரண்டு நாளாகத் தலை சுற்றுவதாகவும் போகிற போக்கில் சொன்னாள். செக்கர் குறுக்கிட்டார்.

"அங்கேயே உட்காரு. நான் வரேன், டாக்டர்கிட்ட போலாம். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கணும்க்கா."

"டாக்டர்கிட்ட வரேன். மாத்திரையை அவர் சொல்லட்டும். இனிமே நீ சொன்னா பத்தாது தம்பி."

இத்தனை வருடத்தில் அவரை இறக்கிவிட்ட முதல் ஆள் அக்காதான். வலித்தது. அவள் சொல்வது சரிதான் என்றும் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டை வகுப்பிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடிக்க ஓடினார்.