பனிக்காலக் கண்ணாடி

1929ஆம் வருடம் மாசி மாதத்தில், குளச்சல் துறையில் இறங்கிய மரப்பெட்டிகள் வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் நெய்யூருக்கு மேற்கே ஒரு சின்னச் சபைக்கு வந்துசேர்ந்தன. உள்ளே இருந்தது வர்ணக் கண்ணாடி ஜன்னல். சீமையில் யாரோ ஒரு சீமாட்டி, வீட்டை இடித்தபோது கழற்றிக் கோயிலுக்குக் கொடுத்தது.

கொத்தன் இஸ்ரவேல் மேற்குச் சுவரில் அதைப் பதித்து முடித்ததும், கோயில் பெருக்கும் நேசபாய் துடைப்பத்தோடு வந்து பார்த்தாள். நாலு காலங்களுக்கு நாலு பெண்கள். முதலாமவள் தலை நிறையப் பூ. அடுத்தவள் கையில் விளைந்த கதிர். மூன்றாமவளைச் சுற்றிப் பழுத்து உதிரும் இலைகள். அவர்கள் கூந்தல் கொடியாக நெளிந்து ஈயக் கம்பிகளோடு பின்னிக் கிடந்தது. நாலாமவள் மட்டும் வெண்பனி மூடிய மொட்டை மரத்தடியில் ஒடுங்கி நின்றாள். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது.

"இஸ்ரவேலு, இது எனக்க கிளாராவாக்கும்."

"யக்கா, இது வெள்ளக்காரி முகம்லா?"

கிளாரா நேசபாயின் ஒரே மகள். ஏழு வருடம் முன்பு, பதினெட்டு வயதில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பிள்ளைகளுக்கு ஆயாவாகக் கப்பலேறினாள். போகமாட்டேன் என்று அழுதவளைத் தேற்றி அனுப்பியது நேசபாய்தான். இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி கண்டு இறந்துவிட்டாள் என்று கடிதம் வந்தது. அவளுக்கும் இடது புருவத்தில் அதே வெட்டு, சின்ன வயதில் கதவு நிலையில் மோதிப் பட்டது.

பங்குனி வெயிலில் ஜன்னலைத் துடைத்தபோது மூன்று கண்ணாடிகள் சுட்டன. நாலாவதைத் தொட்டதும் விரல் மரத்துப்போனது. மறுநாள் அதன் கீழே தரை நனைந்து கிடந்தது. மழை ஒழுக்கு என்று இஸ்ரவேல் சாந்து பூசினான். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். நாலாவது ஞாயிறு அந்தப் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

படத்தில் இருப்பது யார் என்று போதகர் ஞானதாசன் ஐயர் அந்தச் சீமாட்டிக்கு எழுதிக் கேட்டார். ஆவணியில் பதில் வந்தது.

"மனச ஆத்திக்கோ நேசபாய். இந்தப் படத்த எழுதினது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து ஆறுல. எழுதினவரும் அந்த வருசமே செத்தாச்சு. அப்போ ஒனக்க மவ ரெண்டு வயசுப் பிள்ள. இது எப்படி அவளா இருக்கும்?"

நேசபாய் நாலாவது கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்போ ஐயரே, இந்தக் கண்ணாடில அவளுக்கு எடம் ஒழிச்சு வச்சிட்டுத்தான் சீமைக்குக் கூப்பிட்டாவளா? தெரியாம நாந்தானே ஏத்தி விட்டேன்."

மறுநாள் உச்சிவெயிலில் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு போய் நாலாவது கண்ணாடியை உடைத்தாள்.

சத்தம் கேட்டு இஸ்ரவேல் ஓடிவந்தான். கோயிலுக்குள் நுழைந்ததும் மேலெல்லாம் புல்லரித்தது. மூச்சு புகையாக வந்தது. நேசபாய் அங்கே இல்லை. உடைந்த ஜன்னலடியிலிருந்து வாசல்வரை இரண்டு பேரின் ஈரக் கால்தடங்கள் அருகருகே போயின. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை காய்ந்து மறைந்தன.

துண்டுகளைப் பொறுக்கிப் பாயில் அடுக்கிப் பார்த்தான். மரம் இருந்தது, பனி இருந்தது, உடுப்பின் மடிப்புகூட இருந்தது. முகம் மட்டும் இல்லை. பெஞ்சுகளை நகர்த்தியும், வெளியே புல்லை விலக்கியும் தேடினான். ஒரு சில்லுகூடக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நேசபாய் வீட்டுக்குப் போனான். அந்தப் புழுக்கத்திலும் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. அவள் வாசலை மறித்து நின்றாள். முகத்தில் அத்தனை வருடமாக இல்லாத தெளிவு.

"யக்கா, உள்ள ஆரு?"

"சத்தம் போடாத. இப்பந்தான் கண்ணசந்தா."

இஸ்ரவேல் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வெளிச்சம் போகுமுன் கோயிலுக்குத் திரும்பி, ஜன்னலின் ஓட்டையைப் பலாப்பலகை வைத்து அடைத்தான்.