இன்னொரு கை

லேப்காரம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் உலகமே மறந்துபோகும். ஜன்னலில் மதிய வெயில் தூங்கி வழிந்தது. கண்ணாடியில் சிவப்பு வட்டங்கள் மிதந்தன. சில உடைந்து கிடந்தன. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சியின் ரத்தம் அது. கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீரகம் மந்தம், கூப்பிட்டால் அரைத் தூக்கத்தில் பதில். இந்த லட்சணத்துக்கு இரண்டு மூன்று நோய்கள் பங்காளிகள் மாதிரி உரிமை கொண்டாடும். கல்லீரலில் கொழுப்பு ஏறும் நோய் என்றால் பிள்ளையை உடனே எடுத்தாக வேண்டும். ரத்த நோய் என்றால் எடுத்தாலும் தீராது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் மெஷின் வேண்டும். அது இருப்பதோ மூன்று மணி நேரத் தொலைவில்.

போனில் டாக்டரம்மா சொன்னார்: "சர்க்கரை நார்மல்னு போட்டிருக்கீங்க. அப்ப லிவர் இல்ல, ரத்தம்தான். ஆம்புலன்ஸ் வந்தாச்சு."

கல்லீரல் படுத்தால் சர்க்கரையும் படுத்துவிடும். சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் காலையில் ரத்தம் எடுத்த கை நினைவுக்கு வந்தது. இடது கையில் நரம்பு சிக்கவில்லை என்று, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த வலது கையிலேயே எடுத்துத் தொலைத்திருந்தாள். அளந்தது பாட்டிலின் சர்க்கரையை. போனை வைத்துவிட்டு ஓடினாள்.

படியேறியதே தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் வாசலில் நின்றது.

"அக்கா, தண்ணி..." கண் திறக்காமலே முனகினாள் படுத்திருந்தவள். "பக்கத்துலயே ஆறு ஓடுது. குனியத்தான் முடியல."

"ஒரு வாரமா குடம் குடமா குடிக்கிறா," என்றான் புருஷன். "வயித்துல மீன் வளக்கறியான்னு கேலி பண்ணேன்." அடங்காத தாகமும் அந்தக் கல்லீரல் நோயின் அடையாளம்தான் என்று லேப்காரம்மாவுக்குத் தெரியும்.

இடது கையை இந்த முறை விடவில்லை. சர்க்கரை முப்பத்திரண்டு, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மீதி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துக் காத்திருந்தாள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தபோதும் அது தண்ணீராகவே ஓடியது. அந்த ரத்த நோயில் இப்படி உறையாமல் போகாது.

"டாக்டர், தப்பு என்னோடது. டிரிப் ஏறின கையில எடுத்துட்டேன். லிவர்தான்."

"உங்களைத் திட்டறத அப்புறம் வச்சுக்கறேன். ரத்தம் உறையணும், ஃப்ரீசர்ல இருக்கிற பிளாஸ்மாவ உருக்கச் சொல்லுங்க, தியேட்டருக்குப் போறோம்."

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. சாயங்காலம் பூனைக்குட்டிக் குரலில் ஒரு அழுகை கேட்டது.

நான்காம் நாள் லேப்காரம்மா ரத்தம் எடுக்கப் போனாள். கட்டிலைச் சுற்றி, டிரிப் இல்லாத பக்கம் வந்து நின்றாள். புருஷன் டம்ளரை மனைவியின் வாயருகே பிடித்திருந்தான். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போதுங்க."

மீதித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் விம்மி விம்மி அழுதான்.