இடம் பிடித்த புத்தகம்

கள்ளக்குறிச்சியில் பஸ் வந்து நின்றதும், இடம் பிடிக்க எல்லோரும் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். கரியாலூருக்குத் திரும்பும் நர்ஸ் லிடியா ஒரு புத்தகத்தைப் போடுவாள். புத்தகக் கண்காட்சியில் புது எழுத்தாளர் ஒருவர் அவள் கையில் திணித்தது. பேர் தெரியாதவர் எழுதியதையெல்லாம் யார் படிப்பது?

ஒருநாள் அவள் இடத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அது நான் புடிச்ச சீட்டுங்க.”

“இரு கண்ணு. இந்தப் பொண்ணு மழையில நனைஞ்சிக்கினு நிக்குது. ஒரு வூட்டுக்குள்ள போயிடட்டும், எழுந்துக்கறேன்.”

எரிச்சலோடு லிடியா குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். பஸ் மலை ஏறியது. ஜன்னலில் நுழைந்த மூடுபனி புத்தகத்திலிருந்தே வருவதுபோல் இருந்தது. கதையின் மழை அவள் கழுத்தில் சில்லென்று இறங்கியது. கரியாலூர் எப்போது கடந்துபோனதென்றே தெரியவில்லை.

“எழுதனவரு யாருன்னே தெரியாதுங்க,” என்றாள், கனவிலிருந்து பேசுவதுபோல.

“அதனால இன்னா? உன் பேரு கூடத்தான் எனக்குத் தெரியாது. ஒண்ணா படிக்கலியா?”

மறுநாள் லிடியா ஜன்னல் வழியாகத் துப்பட்டாவைப் போட்டாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. விட்ட பக்கத்தில் விரல் வைத்து மூடிய புத்தகம் கையிலேயே இருந்தது.