சோதனைப் பாரம்

பதினெட்டு வருடமாக அந்த ஆறு மாடி அலுவலகத்தின் லிஃப்டுக்கு நான்தான் மெக்கானிக். அதன் தலைமேல் உட்கார்ந்து போயிருக்கிறேன், அடியில் படுத்து கிரீஸ் தடவியிருக்கிறேன். உள்ளே நின்று போனதில்லை. எங்கள் ஜனம் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். தலையில் ஏறினால் குற்றமில்லையாம், வயிற்றில் ஏறினால் ஜெயிலாம். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நாட்டை ஆண்டார்கள்.

சண்டை ஓய்ந்தது. பழைய ஆட்சி மூட்டை கட்டியது, சட்டமும் கூடவே போனது. ரேடியோவில் செய்தி முடிவதற்குள் என் மாமியார் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை நான் லிஃப்டுலதான் போவேன், மாப்ள."

மாமியார் அங்கே ஆறாவது மாடியைத் துடைப்பவர். இருபத்திரண்டு வருடமாக வாளியும் கையுமாகப் பின்பக்கப் படியேறி இரண்டு முட்டியும் போய்விட்டது. வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது. மிச்சம் ஐந்தே நாள்.

திங்கட்கிழமை கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் லிஃப்ட்காரன் 'பழுது' என்ற பலகையை எடுத்துக் கதவில் மாட்டினான்.

"சனிக்கிழமைதான சர்வீஸ் பண்ணேன். என்ன பழுது சார்?" என்றேன்.

"ஏதோ சத்தம் வருதுடா" என்றான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் வாளியை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் நடந்தார். அந்த முதுகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆனால் அந்த மகராசன் ஒன்றை மறந்துவிட்டான். அந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். கழற்ற வேண்டுமென்றால் மெக்கானிக் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களே போட்ட விதி.

சோதித்தேன். அவசரமே படாமல். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன். அதிகாரிகள் எல்லோரும் படியேறினார்கள். மேனேஜர் நாலாவது மாடியில் சுவரைப் பிடித்து நின்று, லிஃப்ட்காரனின் வம்சத்தையே விசாரித்தார்.

வியாழன் சாயங்காலம் லிஃப்ட்காரன் ஓடி வந்தான். "அண்ணே, சத்தம் நின்னுடுச்சு. கையெழுத்துப் போட்டுடுங்க."

பதினெட்டு வருடத்தில் முதல் 'அண்ணே'. எனக்கு இனித்தது. இன்னும் ஒரு வாரம் இழுக்கலாமென்று வீட்டில் சொன்னேன். மாமியார் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ஏறட்டும், நல்லா ஏறட்டும். என் முட்டி என்ன பாவம் பண்ணுச்சு, மாப்ள? நாளைக்கு விட்டா எனக்கு ஏது நாளு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவரை வாளியோடு லிஃப்டுக்குள் நிறுத்தினேன். 'சோதனைப் பாரம்: எழுபது கிலோ' என்று தாளில் எழுதினேன்.

"அறுபத்தஞ்சு" என்று திருத்தினார்.

லிஃப்ட்காரன் கதவை மூடப் போகையில் மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். உள்ளே பார்த்தார். படியைப் பார்த்தார்.

"வாங்க சார், இடம் இருக்கு" என்றார் மாமியார்.

மேனேஜர் ஏறிக்கொண்டார். லிஃப்ட் கிளம்பியது. நானும் அதன் உள்ளே நிற்பது அதுதான் முதல் தடவை. புது ஆட்சிக்கு ஏற்ற புது மரியாதையோடு மேனேஜர் சிரித்தபடி கேட்டார்: "நீங்க எந்த மாடிக்கும்மா போகணும்?"

"உங்க ரூமுக்குத்தான் சார். இருபத்திரண்டு வருஷமா நான்தான் துடைக்கிறேன்."

அதன்பிறகு மேனேஜர் மாடி எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறில் கதவு திறந்தது. மாமியார் நகரவில்லை.

"நீங்க எறங்குங்க சார். நான் இன்னொரு தடவ கீழ போயிட்டு வரேன்."

கையெழுத்தை அன்று சாயங்காலம்தான் போட்டேன்.